அறுபத்தைந்து கேள்விக்கும் 'இல்லை'

ஏப்ரல் 2, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளியிலிருந்து கைப்பேசிக்கு ஒரு படிவம் வந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் மனநிலை, நடத்தை பற்றிப் பெற்றோர் நிரப்ப வேண்டியது. அறுபத்தைந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: இல்லவே இல்லை, கொஞ்சம், அடிக்கடி, எப்போதும்.

நான் அதைத் திறப்பதற்குள் வகுப்பு அம்மாக்கள் குழுவில் சிஹு அம்மா எழுதிவிட்டாள். "எல்லாத்துக்கும் 'இல்லவே இல்லை' போட்டு அனுப்பிடுங்க. மார்க் ஏறினா பள்ளிக்கூடத்துலேர்ந்து கூப்பிடுவாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் ஊர் வாய்." கீழே பதினேழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நானும் காட்டினேன்.

'கோபம் வந்தால் பொருள்களை எறிகிறாள் அல்லது அடிக்கிறாள்.' இந்தக் கேள்வியில் மட்டும் விரல் நின்றது. இடது தோள் போன வாரத்திலிருந்தே வலிக்கிறது. இல்லவே இல்லை.

மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது நொடி.

பன்னிரண்டு வருடமாக என் உத்தியோகமே காப்பீட்டு விண்ணப்பத்தில் ஆள் பொய் சொல்லியிருக்கிறானா என்று பார்ப்பதுதான். புதிதாகச் சேரும் பெண்களிடம் முதல் நாளே சொல்வேன்: "எல்லாக் கட்டத்துலயும் 'இல்லை' போட்டிருக்கானா, அவன் தாளத் தனியா எடுத்து வை." மருத்துவக் குறிப்பில் எஃப் என்று தொடங்கும் எண் இருந்தால் அது மனநலப் பிரிவு. போன வாரம்கூட அப்படி எண் இருந்த ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் தாளைத் திருப்பி அனுப்பினேன். அவன் அம்மா நான்கு முறை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை.

அந்த எழுத்து என் பெண் சேபொமின் பெயருக்குப் பக்கத்தில் வரக் கூடாது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 4, வியாழன்

கணக்கு டியூஷன் வண்டி கீழே வந்துவிட்டது, டேப்லெட்டை மூடு என்று சேபொமிடம் சொன்னேன். சோற்றுக் கிண்ணத்தின் எவர்சில்வர் மூடி பறந்து வந்தது. குனியாமல் இருந்திருந்தால் கண் போயிருக்கும். பிறகு தோளில் குத்து, அதே இடத்தில். பிறகு நாற்காலி. "சரி, பாரு, வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டேன். அழுவது வெளியே கேட்கக் கூடாது.

காவலாளி இன்டர்காமில் கூப்பிட்டார். "கீழ்வீட்டுல சத்தம்னு சொல்றாங்க." அலமாரியை நகர்த்தினேன் என்றேன். ஒரு மாதத்தில் இது மூன்றாவது அலமாரி.

அரை மணி கழித்து வந்து ஒன்றும் நடக்காதது போல முட்டைப் பொரியல் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.

எழுதித்தான் பார்க்கிறேன். எனக்கு என் பெண்ணைப் பார்த்தால் பயம். பத்து வயது. என் தோள் உயரம்கூட இல்லை. வாசல் பூட்டில் அவள் எண்களை அழுத்தும் பீப் சத்தம் கேட்டாலே மேசை மேல் இருக்கும் கனமான பொருளையெல்லாம் எடுத்து ஒளித்து வைக்கிறேன். பெத்த பொண்ணு வீட்டுக்கு வர்ற சத்தம் இது. எந்த அம்மாவுக்காவது இப்படி இருக்குமா?

ஏப்ரல் 6, சனி

நேற்று மாலை சாங்யோப் வந்தார். கோஜே கப்பல் கட்டும் தளத்திலிருந்து வொன்ஜுவில் எங்கள் வீட்டுக்கு நான்கு மணி நேரம். வெள்ளி வந்து ஞாயிறு போகும் கணவர். அவர் இருக்கும் இரண்டு நாளும் சேபொம் தங்கக் கட்டி. அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். செருப்பைத் திருப்பி வைக்கிறாள்.

"இவ மாதிரி ஒரு பொண்ணக் காட்டு பாக்கலாம்" என்றார்.

தோளில் ஒட்டியிருந்த வலி பிளாஸ்டரைப் பார்த்து என்ன என்று கேட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து என்றேன். ராத்திரி பகல் பார்க்காமல் இரும்பு அடிக்கும் மனிதர், இரண்டு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும். இல்லை, இதுவும் பொய். 'நீ வளர்த்த லட்சணம்' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

ஏப்ரல் 12, வெள்ளி

அலுவலகத்தில் இருந்தபோது ஓக் டீச்சர் ஃபோன் பண்ணினாள். சேபொமின் வகுப்பு டீச்சர், வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். சேபொம் மேசையைக் கவிழ்த்திருக்கிறாள். சிஹுவைப் பென்சில் பெட்டியால் அடித்ததில் அவன் புருவம் கிழிந்து இரண்டு தையல். மற்ற பிள்ளைகளை எல்லாம் நூலகத்துக்கு அனுப்பிவிட்டு டீச்சர் அவளோடு தனியாக உட்கார்ந்திருந்தாளாம்.

கண்ணில் பட்டிருந்தால்?

"சேபொம் அம்மா, வீட்ல எப்படி இருக்கா? தப்பா எடுத்துக்காதீங்க, தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்."

"வீட்ல ஒரு பிரச்சனையும் இல்லையே டீச்சர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படியா. அப்போ நான்தான் ஏதோ தப்பு பண்றேன் போலிருக்கு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளா மன்னிப்புக் கேட்க வேண்டியவள்?

ஏப்ரல் 14, ஞாயிறு

நேற்று சிஹு வீட்டுக்குப் பழக்கூடையோடு போய்த் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்தோம். திரும்பும்போதே சாங்யோப் கொதித்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல சமத்தா இருக்கற பொண்ணு பள்ளிக்கூடத்துல மட்டும் ஆடறான்னா என்ன அர்த்தம்? அந்த டீச்சர் இவள என்னமோ பண்றா."

இன்று கடைக்குப் போய்க் கட்டைவிரல் அளவு ஒலிப்பதிவுக் கருவி வாங்கி வந்தார். சேபொமின் பையின் அடி அட்டைக்குக் கீழே வைத்தார்.

"இது சட்டப்படி தப்பு இல்லையா?"

"எல்லா வீட்லயும் இப்ப இதத்தான் பண்றாங்க. நீ காலைல அமுக்கிவிட்டா போதும், ஒன்றரை நாள் ஓடும்."

இப்போது சொல்லியிருக்கலாம். 'டீச்சர் இல்லங்க, இவதான், என்னையும்தான்.' ஒரே வரி. சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்கு அவர் வண்டி கிளம்பியது. ஆறு இருபதுக்குச் சேபொம் ஜன்னல் திரையைப் பிடித்து இழுத்துக் கம்பியோடு கீழே கொண்டுவந்தாள்.

ஏப்ரல் 15, திங்கள்

அமுக்கிவிட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு நேற்றைய பதிவைக் கேட்டேன். காலையிலிருந்து நல்லபடியாகத்தான் போகிறது. பிறகு டீச்சர், "வரைஞ்சது போதும், எடுத்து வச்சிட்டு ஜிம்முக்கு வரிசையா நில்லுங்க" என்கிறாள்.

"நான் முடிக்கல! முடிக்கலன்னு சொல்றேன்ல!"

என் பெண்ணின் குரல். அதன் பிறகு ஏதோ விழுகிறது, உடைகிறது. டீச்சர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருக்கிறாள். "டீச்சர் இங்கதான் இருக்கேன். உன்ன யாரும் ஒண்ணும் சொல்லல." பதினோரு நிமிடம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நடுவில் எதுவோ அவள் மேல் பட்டிருக்க வேண்டும். "போதும்! உன்னோட என்னால முடியல!" என்று கத்திவிடுகிறாள். பிறகு அவளே, "கத்தினது டீச்சர் தப்பு, மன்னிச்சுக்கோ" என்கிறாள்.

நிறுத்தியிருக்கலாம். கருவி ஓடிக்கொண்டே இருந்தது. பை வீட்டுக்கு வந்துவிட்டது. பீப் பீப் பீப். "வந்துட்டியா கண்ணு?" இது யார் குரல்? மேலதிகாரியிடம் லீவு கேட்பவள் போல ஒரு குழைவு. பத்து நிமிடத்தில் சத்தம். "சரி சரி, வச்சுக்கோ, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு." தாழ்ப்பாள். தண்ணீர்.

அங்கேயே இயர்ஃபோனைக் காதிலிருந்து பிடுங்கிப் போட்டேன்.

ஏப்ரல் 17, புதன்

என்ன பதிவாகியிருக்கிறது என்று சாங்யோப் கேட்டுக்கொண்டே இருந்தார். டீச்சர் கத்திய இடத்தை மட்டும் வெட்டி அனுப்பினேன். முன்னால் இருந்த பதினோரு நிமிடம் இல்லை, பின்னால் கேட்ட மன்னிப்பும் இல்லை. நாற்பது நொடி.

"மாட்டினா அந்த டீச்சர்" என்று பதில் வந்தது. நான் செய்த காரியம் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

குழந்தையைத் துன்புறுத்தினாள் என்று டீச்சர் மேல் சாங்யோப் புகார் எழுதி வைத்திருக்கிறார். ராத்திரி ஃபோனில் படித்துக் காட்டினார். புகார் போனால் அவளை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள், போலீஸ் விசாரணை வரும். இதற்கிடையில் சேபொமைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லிப் பள்ளியிலிருந்து கடிதம்.

"நல்லதாப் போச்சு. பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரே எழுதிக் குடுக்கட்டும். அதையும் சேத்து வச்சுப் புகார் குடுக்கலாம்."

சரி என்றேன். எதற்கெடுத்தாலும் சரி.

ஏப்ரல் 30, செவ்வாய்

மருத்துவமனை, குழந்தைகள் மனநலப் பிரிவு. பியோன் டாக்டர் என்னைவிட இளையவள், காலில் பழைய விளையாட்டுச் செருப்பு. ஏதாவது ஒரு நோயின் பேரைச் சொல்லி முடித்துவிடுவார்கள் என்று நினைத்துப் போனேன். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, தூக்கம் எப்படி, ரத்தம், வாசிப்பு, கணக்கு, கவனம் என்று இரண்டரை மணி நேரம் பார்த்தார்கள். நான் வெளியில் உட்கார்ந்து இன்னொரு படிவம் நிரப்பினேன். கேள்விகள் வேறு, என் பதில் அதேதான்.

வெளியே வந்த சேபொம், "வாக்கியத்த முடிக்கச் சொன்னாங்க. அது ஒண்ணுதான் ஈசி" என்றாள்.

மே 8, புதன்

பெற்றோர் தினம். பள்ளியில் செய்த காகிதக் கார்னேஷன் பூவோடு வந்தாள். என் சட்டையில் குத்திவிடக் கையைத் தூக்கினாள். நான் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் போய்விட்டேன்.

அவள் பார்த்துவிட்டாள். பூவை மேசை மேல் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். ஒன்றையும் எறியவில்லை. எறிந்திருந்தால் தேவலை.

மே 10, வெள்ளி

முடிவு கேட்கத் தனியாகப் போனேன். டாக்டர் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று ஓக் டீச்சர் நிரப்பியது, 'அடிக்கடி', 'எப்போதும்' என்றே நிறைந்திருந்தது. மற்றது என்னுடையது, மேலிருந்து கீழ்வரை 'இல்லவே இல்லை'.

"நோய்னு ஒரு பேர் வைக்கணும்னா எனக்கு ரெண்டு இடத்துத் தகவல் வேணும், வீடும் பள்ளிக்கூடமும். இந்த ரெண்டு தாளும் உண்மைன்னா, பிரச்சனை குழந்தைகிட்ட இல்ல, அந்த வகுப்புல இருக்குன்னுதான் நான் எழுதணும். எழுதட்டுமா?"

நாங்கள் வாங்க வந்த சான்றிதழ் இதுதான். தலையாட்டினால் போதும். ஆட்ட முடியவில்லை.

டாக்டர் மூன்றாவதாக ஒரு தாளை எடுத்தாள். "அம்மாகிட்ட காட்டலாமான்னு சேபொம்கிட்ட கேட்டேன். 'காட்டுங்க, நானா குடுக்க மாட்டேன்'னா."

பாதி வாக்கியங்கள் அச்சில். மீதி அவளுடைய கோணல் எழுத்தில்.

'என் அம்மா' என்பதற்குப் பக்கத்தில்: என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள்.
'எனக்கு மிகவும் பயம்' என்பதற்குப் பக்கத்தில்: என் கை.
'யாருக்கும் தெரியாதது': அம்மாவை அடிக்கிறேன். அம்மா யாரிடமும் சொல்ல மாட்டாள். அதனால் நிறுத்த முடியவில்லை.

ஐயோ. பத்து வயசுக் குழந்தை உண்மைய எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்து ஈசின்னு சொல்லியிருக்கு. நான் அந்தக் கதவுக்கு வெளியில உக்காந்து பொய் எழுதிக்கிட்டிருந்திருக்கேன்.

புதுத் தாள் கேட்டேன். இரண்டு இடத்தில் குறி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. நிரப்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு சட்டையைத் தோளிலிருந்து இறக்கிக் காட்டினேன். கணவரிடம்கூடக் கம்ப்யூட்டர் வலி என்று சொல்லி மறைத்த தோள்.

"எப்போல்லாம் அதிகம்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அவர் கிளம்பினதும்."

"ரெண்டு நாளாப் பல்லக் கடிச்சு அடக்கிட்டிருக்கா. அப்புறம் உடையுது. அடிச்சதும் நீங்க என்ன பண்றீங்க?"

"கேட்டதக் குடுத்துட்டுக் கதவச் சாத்திக்கறேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான்.

மே 11, சனி

அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில், சாங்யோப் வண்டிக்குள். சேபொமைக் கீழே விளையாட்டுத் திடலில் விட்டிருந்தோம். "முழுசாக் கேளுங்க" என்று கருவியைக் கொடுத்தேன். டீச்சரின் பதினோரு நிமிடத்தைக் கேட்டார். மன்னிப்பைக் கேட்டார். பிறகு எங்கள் வீட்டைக் கேட்டார். தாழ்ப்பாள் சத்தம் வந்ததும் நான் நிறுத்தக் கையை நீட்டினேன், தட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு இருந்ததை நானும் அப்போதுதான் கேட்டேன். டேப்லெட் சத்தமே இல்லை. மெல்லக் கதவைத் தட்டும் ஒலி. "அம்மா. அம்மா, வெளிய வா. நான் பண்ண மாட்டேன். அம்மா." ஒன்பது நிமிடம். உள்ளே நான் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தேன். எத்தனை நாள் இப்படித் தட்டினாளோ.

அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா?"

"குளிர்கால லீவுலேர்ந்து."

"நான் யாரு உனக்கு? வாரா வாரம் வந்துட்டுப் போற விருந்தாளியா?"

அவர் கோபம் நியாயமானது. 'நீ வளர்த்த லட்சணம்' என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். புகாரைக் கைப்பேசியிலிருந்து என் எதிரிலேயே அழித்தார்.

மே 16, வியாழன்

நேற்று ஆசிரியர் தினம். டீச்சருக்கு ஒற்றைப் பூகூடக் கொடுக்கக் கூடாது என்பது லஞ்சத் தடுப்புச் சட்டம். வெறுங்கையோடு இன்று போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பையில் வைத்த கருவியையும். சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

ஓக் டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்வாள் என்று எந்த மூலையிலோ நினைத்திருந்தேன் போல. சொல்லவில்லை.

"நான் ஃபோன்ல கேட்டேனே சேபொம் அம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. ஒரு மாசமா ஏன்தான் இந்த வேலைக்கு வந்தேன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"ஆமா டீச்சர்."

"இப்ப நீங்க போங்க. நாளைக்குப் பேசறேன்."

ரகசியப் பதிவுக்காகப் போலீசுக்குப் போக அவளுக்கு இப்போது உரிமை இருக்கிறது.

மே 17, வெள்ளி

டீச்சரிடமிருந்து காலையில் செய்தி. மார்ச்சிலிருந்து சேபொம் உடைந்த ஒவ்வொரு நாளும், நேரமும், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதும். நான்கு பக்கம். கடைசியில் 'டாக்டருக்கு அனுப்பலாம்' என்று மட்டும். வணக்கம்கூட இல்லை. அழுதேன், குழாயைத் திறக்காமல்.

மே 28, செவ்வாய்

சாங்யோப் லீவு போட்டு வந்தார், மூவரும் போனோம். டாக்டர் எல்லாத் தாளையும் பரப்பி வைத்துப் பேசினாள். கவனக் குறைபாடும் துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. அதோடு பதற்றம். செய்துகொண்டிருப்பதைத் திடீரென்று நிறுத்தச் சொன்னால் அவளால் கியர் மாற்ற முடிவதில்லை. பள்ளியிலும் அதுதான், வீட்டிலும் அதுதான். "கெட்ட பொண்ணு இல்ல. ஆனா அடிச்சா வேலை நடக்குதுன்னு வீட்ல கத்துக்கிட்டா. அத மறக்க வைக்கணும், நாளாகும்." மருந்து கொஞ்சம், பெற்றோருக்கு வாரம் ஒரு வகுப்பு. எங்களுக்குத்தான் வகுப்பு.

"சரியாயிடுமா?" என்றார் சாங்யோப்.

"குறையும். எவ்வளவுன்னு இப்பச் சொன்னா அது பொய்."

பிறகு கணினியில் தட்டினாள். திரை என் பக்கம் திரும்பியிருந்தது. எஃப், அப்புறம் தொண்ணூறு. நான் நாளெல்லாம் பார்க்கும் எண். வேறு ஏதாவது போட முடியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. பக்கத்தில் சேபொம் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேட்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மோசமான நாள். மருந்து ஆரம்பித்ததிலிருந்து பசியில்லை என்கிறாள், எதற்கும் சிணுங்கல். நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதால் முன்னைவிடப் பலமாக அடித்தாள். நான் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அடி எட்டாத தூரத்தில், அவள் பார்க்கும்படி தரையில் உட்கார்ந்திருந்தேன். டேப்லெட்டையும் கொடுக்கவில்லை. இருபத்தாறு நிமிடம். காவலாளி கூப்பிட்டார். "பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, வைத்தியம் நடக்குது, கீழ்வீட்டுல சொல்லிடுங்க" என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

ஒரு பாடம் முடிந்து அடுத்ததற்கு மாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஓக் டீச்சர் சேபொம் மேசையில் முன்னறிவிப்பாக ஒரு மஞ்சள் அட்டை வைக்கிறாளாம். என்னிடம் இன்னும் சிரிப்பதில்லை.

ஜூலை 2, செவ்வாய்

தினமும் மாலை டாக்டர் கொடுத்த தாளை நிரப்ப வேண்டும். எத்தனை முறை அடித்தாள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம். இன்று சமையல் மேசையில் உட்கார்ந்து 'இரண்டு' என்று எழுதினேன்.

சேபொம் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. கழுத்துக்குப் பக்கத்தில் அவள் மூச்சு பட்டதும் உடம்பு இறுகியது. அது இன்னும் போகவில்லை. போகுமா என்றும் தெரியவில்லை.

அவள் கை என் தோளைத் தாண்டி வந்து தாளைத் தொட்டது.

"ரெண்டு இல்லம்மா, மூணு. நீ குப்பை போடக் கீழ போயிருந்தப்போ ஒண்ணு. தலையணைய அடிச்சேன். யாரும் பாக்கல."

"அப்படியா?"

"ம். சரியா எழுது."

இரண்டைக் கோடு போட்டு அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். அவள் சரிபார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.